கார் இருந்தும் பஸ் ஏறுகிறவர்கள்: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

கையில் காசு சேர்ந்ததும் கார் வாங்குகிறோம், சரி. வாங்கிய பிறகும் தஞ்சாவூர் போக பஸ்ஸைத்தான் பிடிக்கிறோம். கோயிலைச் சுற்றிய எங்கள் தெருக்களில் வீடுகள் பொதுச்சுவர் வைத்து ஒட்டிக் கட்டியவை. முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். திண்ணையை இடித்தாலும் கார் நுழையாது. என் சித்தப்பா ஒரு காலி மனையில் மாத வாடகை கொடுத்துக் காரை நிறுத்தியிருக்கிறார். அதை எடுக்க நடக்கும் நேரத்தில் அவர் பேருந்து நிலையத்துக்கே போய்விடலாம். அப்படித்தான் போகிறார்.

1989-ல் பீட்டர் நியூமன், ஜெஃப்ரி கென்வொர்த்தி என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உலகத்தின் 32 நகரங்களை ஒப்பிட்டு, மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் ஆளுக்கான பெட்ரோல் செலவு குறைவு என்று காட்டினார்கள். பெருநகரங்களைப் பற்றிய அந்த ஆய்வை எங்கள் பக்கத்துக் கிராமங்களே உறுதி செய்கின்றன என்பேன். வயல் தாழ்வு, ஆற்றங்கரை மேடு. அதனால் காவிரி, குடமுருட்டி, அரசலாறு என்று கரையோரமாகவே வீடு கட்டினார்கள். சாலையும் அந்த வரிசையிலேயே ஓடுகிறது. அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, பாபநாசம் என்று ஓர் ஊர் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் தெரியாது. எங்கே நிறுத்தினாலும் ஏற ஆள் இருந்தால் பஸ் நிறைய ஓடும். நிறைய ஓடினால் ஆளும் நம்பி வருவார்கள். தஞ்சாவூர் பஸ் ஒன்றைத் தவறவிட்டதற்காக இங்கே யாரும் பதறுவதில்லை.

இந்த வரிசை இப்போது உடைகிறது. அதுதான் என் கவலை. சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வயலை மேடாக்கி, மனை போட்டு ஏதாவது ஒரு நகர் என்று பெயர் வைக்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில் வீடு கட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை எனக்குத் தெரிந்தவர். பழைய வீட்டில் இருந்தவரை தினமும் காலையில் கோயில், சாயங்காலம் கடைத்தெரு என்று இருந்தார். இப்போது பஸ் நிற்கும் இடம் வரை நிழலே இல்லாத மண் சாலை. மகன் வண்டியை எடுத்தால்தான் வெளியே போக முடிகிறது. "காத்து நல்லா வருது தம்பி, ஆனா மனுஷா முகத்தைத்தான் பாக்க முடியல" என்றார். அங்கே குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் வண்டி கட்டாயம். வீடுகள் சிதறிக் கிடப்பதால் மினி பஸ்கூட எட்டிப் பார்ப்பதில்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதே பஸ் எங்கே வந்து திரும்பும் என்று கேட்க வேண்டாமா?

மன்னார்குடியிலிருந்து:

சித்தப்பா விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அவர் தினசரி பஸ்ஸில் போவார், ஆனால் பெண் பார்க்கப் போகும்போது போவாரா? எங்கள் வீட்டில் சொந்தக் கார் கிடையாது. அக்காவுக்குச் சம்பந்தம் பேசப் போனபோது வாடகைக் கார் பிடித்தோம். பஸ்ஸில் வந்து இறங்கினால் மதிப்பு குறையும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அப்பாவுக்கு அந்த வாடகை பெரிய தொகை.

ரயிலைப் பற்றி யாருமே இங்கே அப்படிப் பேசுவதில்லை. நீடாமங்கலத்திலிருந்து வந்த தண்டவாளத்தை 1976-ல் எடுத்துவிட்டார்கள். திரும்ப ரயில் வர 2011 ஆனது. வந்ததும் எல்லா வீட்டிலிருந்தும் ஏறினார்கள். கார் வைத்திருப்பவரும் சென்னைக்கு ராத்திரி ரயிலில்தான் போகிறார். நல்ல வசதி கிடைத்தால் கௌரவப் பிரச்சினை தானாக விலகுகிறது என்பது நான் கண்ணால் பார்த்தது.

தரங்கம்பாடியிலிருந்து:

எங்களுக்கு மயிலாடுதுறையிலிருந்து 1926-ல் வந்த ரயில் 1986-ல் நின்றது, நின்றதுதான். அப்போதிலிருந்து சாலை ஒன்றே வழி.

ஊர் நெருக்கமாக இருந்தால் பஸ் வரும் என்பது உண்மை. வந்த பஸ்ஸில் யார் ஏறலாம் என்பதையும் பேசுவோம். என் அத்தை மீன் விற்கிறவர். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, இலவசம். தெருவில் பல பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் என் தங்கை முன்பு அண்ணன் பைக்கை எதிர்பார்த்து நிற்பாள். இப்போது யாரையும் கேட்பதில்லை. அத்தைக்கு மட்டும் அது பயன்படவில்லை. கூடையைப் பார்த்ததும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். கண்டக்டர் "அடுத்த வண்டியில வாம்மா" என்கிறார். அடுத்த வண்டியிலும் அதே பதில். அதனால் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து லோடு ஆட்டோ பிடிக்கிறார்கள். அன்றைய லாபத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. பிடிப்புக் கம்பிகூட இல்லாமல் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து போகிறார்கள்.

காலையில் முதல் இரண்டு நடைகளில் பின்பக்க இருக்கை ஒன்றைக் கழற்றிவிட்டு, கூடை வைக்க இடமும் கழுவிவிட வசதியான தரையும் செய்து கொடுத்தால் போதும். மீன்காரர் மட்டுமல்ல, பூக்காரர், கீரைக்காரர் எல்லோரும் ஏறுவார்கள். பணிமனையில் மனு கொடுக்க அத்தையோடு நானும் போகிறேன். பொறையாறு பக்கத்திலிருந்து சந்தைக்குப் போகிறவர்களும் கையெழுத்துப் போட வந்தால் நல்லது.