கிளினிக் மேல் புகார்: மெடிக்கல் கவுன்சிலா, ஜே.டி. ஆபீஸா, நுகர்வோர் கோர்ட்டா? (சேலம் மாவட்டம்)

நாகலூர்_ரோடு:
வணக்கம். ஏற்காட்டில் எஸ்டேட் லைனில் இருப்பவர்கள் காய்ச்சல், இடுப்பு வலி என்றால் பக்கத்துக் கிளினிக்கில்தான் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். சேலத்துக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. சில இடங்களில் போர்டில் ‘டாக்டர்’ என்று மட்டும் இருக்கிறது. பதிவு எண் இல்லை, மருந்துச்சீட்டும் தருவதில்லை. அவர் டாக்டர்தானா என்று எப்படிப் பார்ப்பது? ஊசி போட்ட இடம் சீழ் பிடித்தால் யாரிடம் புகார் கொடுப்பது? மெடிக்கல் கவுன்சில் நஷ்டஈடு வாங்கித் தருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவேடு_சேலம்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். டாக்டர்களைப் பதிவு செய்கிற மெடிக்கல் கவுன்சில் ஒரு ரூபாய்கூட வாங்கித் தராது. ‘இவரிடம் நாளைக்கு இன்னொரு நோயாளி போகலாமா’ என்பதைப் பார்க்கத்தான் அது இருக்கிறது. எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். அதனால் புகாரில் பட்ட கஷ்டத்தை நாலு பக்கம் எழுதிப் பயனில்லை. அடுத்த நோயாளிக்கும் எது ஆபத்தோ அதை எழுதுங்கள்: ஊசியைப் பிரிக்காத உறையிலிருந்து எடுத்தாரா, மருந்தின் பெயரைச் சொன்னாரா, அலர்ஜி உண்டா என்று கேட்டாரா, தேதி என்ன, நேரம் என்ன.

சரிபார்ப்பது எளிது. 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி பதிவு எண் கிளினிக்கில் பார்வைக்கு இருக்க வேண்டும்; சீட்டு, சான்றிதழ், ரசீது எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள், தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்திலும் பாருங்கள். எண் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். பெயர், அப்பா பெயர், பதிவு செய்த வருடம் மூன்றும் பொருந்த வேண்டும். இன்னொருவருடைய எண்ணை எழுதி வைத்திருந்தால் அப்போதுதான் தெரியும். சிலர் பெயருக்குப் பின்னால் போடும் ‘ஆர்.எம்.பி.’ என்பது பட்டமே இல்லை.

பல புகார்கள் தூங்குவது எங்கே தெரியுமா? பதிவேட்டில் பெயரே இல்லாதவர் மேல் கவுன்சிலுக்கு எழுதுவதில். நீக்கப் பெயர் இருந்தால்தானே நீக்க முடியும்? அப்படிப்பட்டவர் மேல் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், அதாவது நாம் ஜே.டி. ஆபீஸ் என்கிறோமே அங்கேயும், ஏற்காடு போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34-ஆவது பிரிவில், பதிவில்லாமல் வைத்தியம் பார்ப்பவருக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கிளினிக், தனியார் மருத்துவ நிலையங்களுக்கான 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்றும் அதே புகாரில் கேளுங்கள். அந்தப் பதிவும் ஜே.டி. ஆபீஸ் வேலைதான்.

ஒரு எச்சரிக்கை. அவர் பதிவு பெற்ற சித்த மருத்துவராக இருந்தால் அவருக்கு வேறு கவுன்சில். விசாரிக்காமல் ‘போலி’ என்று எழுதினால் புகார் அங்கேயே விழுந்துவிடும். பல் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கவுன்சில்.

மருந்துக்கடை_செவ்வாய்ப்பேட்டை:
மாத்திரையையும் கவனியுங்கள். அட்டையை வெட்டிக் காகிதப் பொட்டலத்தில் கொடுத்தால், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சான ஓரம் கடைக்காரர் கையிலேயே நின்றுவிடும். அந்த ஓரத்தைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராகவோ அவர் மேற்பார்வையில் இருப்பவராகவோ இருக்க வேண்டும், 1948 மருந்தியல் சட்டம் 42-ஆவது பிரிவு. கடையில் கோளாறு என்றால் மருந்து ஆய்வாளரிடம் சொல்லுங்கள். மெடிக்கல் கவுன்சிலுக்கு இதில் வேலை இல்லை.

வழக்குமன்றம்_அஸ்தம்பட்டி:
நஷ்டஈட்டுக்கு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி இதில் வராது, 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கவுன்சில் புகாரும் நுகர்வோர் வழக்கும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

உள்நோயாளியாக இருந்தால் முதலில் கேஸ் ஷீட் நகலுக்கு எழுதிக் கேளுங்கள். ஆஸ்பத்திரி அதை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், 3 வருடம் பாதுகாத்து வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்டால் போதாது. தேதி போட்டு, ஒப்புதல் முத்திரை வாங்குங்கள்.

கவுன்சில் 6 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று விதி. முடிவு டாக்டருக்குப் பாதகமானால் அவர் 60 நாளுக்குள் தேசிய மருத்துவ ஆணையத்தின் நன்னெறி வாரியத்துக்கு மேல்முறையீடு போகலாம். நோயாளிக்கு அந்த வழியைச் சட்டம் வெளிப்படையாகத் தரவில்லை. நோயாளிகள் போட்ட மேல்முறையீடுகளை ஆணையம் திருப்பி அனுப்பியிருக்கிறது. அப்படித் திருப்பினால் மிச்சம் உயர் நீதிமன்ற ரிட் மனுதான். மக்களைக் காக்க வந்த சட்டத்தில் இது பெரிய ஓட்டை, அடைத்தே தீர வேண்டும்.

நாகலூர்_ரோடு:
ரொம்ப நன்றி. சீட்டே இல்லை, மருந்தின் பெயரும் தெரியாது என்றால் எதைச் சாட்சியாகக் காட்டுவது?

பதிவேடு_சேலம்:
சீழ் எடுக்கப் போகும் இடத்தில்தான் சாட்சி உருவாகும். சேலம் ஜி.எச்.சில் அட்மிட் செய்யும்போது ‘எந்தத் தேதியில், எந்த ஊர்க் கிளினிக்கில், எந்தப் பக்க இடுப்பில் ஊசி போட்டார்கள்’ என்று டாக்டரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே ‘இடுப்பில் கட்டி’ என்று பதிவானால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. சீழை, எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால் அந்த ரிப்போர்ட் நகலையும் வாங்குங்கள். ஊசி போட்ட நாளிலேயே காலிக் குப்பியின் லேபிளைப் போனில் படம் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. எங்கே கேட்பது என்று குழப்பமாக இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.