அப்பச்சிக்கு வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது, என்ன செய்யலாம்?

கண்டனூர்க்காரி:
எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 63. வெற்றிலையோடு புகையிலையும் போடுவார்கள். இடது கன்னத்தில் புற்றுநோய் வந்து பங்குனியில் ஆபரேஷன் ஆனது. நெஞ்சுச் சதையை எடுத்துக் கன்னத்தை மூடினார்கள். அப்புறம் 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். அது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, மூக்குக் குழாயையும் எடுத்தாகிவிட்டது. ஊரே ‘பிழைத்து வந்துவிட்டாரே’ என்கிறது. ஆனால் வாய் திறக்கவில்லை. போன வாரம் ஆத்தா வெள்ளைப் பணியாரம் சுட்டார்கள். ஒன்றைப் பாலில் ஊறவைத்து, பிய்த்து, விரலால் உள்ளே தள்ளிப் பார்த்தார்கள். பல்லிடுக்கிலேயே நின்றுவிட்டது. தட்டை நகர்த்திவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். புண் ஆறினால் தானாகத் திறக்கும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். திறக்குமா?

தேவகோட்டை அண்ணன்:
தானாகத் திறக்காது தங்கச்சி. எனக்கும் இதே கன்னம், இதே ஆபரேஷன். ஆறு வருஷம் ஆகிறது. கத்தி பட்ட இடத்தில் தழும்பு இறுகும். கரண்ட் பட்ட தசையும் நார் மாதிரி இறுகிக்கொண்டே போகும், சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் கூட. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. புண் ஆறட்டும் என்று நாலு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் ஐஸ் குச்சியை வைத்துக் கற்றுக்கொடுத்தார். தட்டைக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைக்க வேண்டும். நன்றாக இழுக்கிற அளவில் அரை நிமிஷம் வைத்து, எடுத்து, கொஞ்சம் ஓய்வு. மறுபடியும் அதே. ஒரு வேளைக்கு ஐந்து தடவை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. பழகியதும் நடுவில் இன்னொரு குச்சியை நுழைக்கணும். நான் ஆரம்பித்தது ஏழு குச்சியில். தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கும்போது அதன் பின்பக்கம் அன்றைய எண்ணிக்கையை எழுதிக் கம்பியில் குத்தி வைப்பேன். ஒரே எண்ணே மூன்று வாரம் வந்ததும் உண்டு. பதினேழுக்கு வர எட்டு மாதம் ஆனது. வாய் திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் இறுக்கம் என்பது டாக்டர்கள் கணக்கு. நான் அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறேன், ஆனால் இட்லி சாப்பிடுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேளுங்கள். தாடை எலும்பை வெட்டியிருந்தால் முறை வேறு. திறந்த வாய் திடீரென்று குறைந்தாலோ, புதிதாக வலி வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி:
பாரும்மா, எங்கள் வீட்டு ஐயாவுக்கும் இதே கதைதான். வாய் திறக்கும் வரை வயிறு காயக்கூடாது. கவுனி அரிசியை ராத்திரியே ஊறப்போட்டு, குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, தேங்காய்ப்பால் விட்டுக் கொடு. ஸ்பூன் சின்னதாக இருக்கட்டும். நம் சமையலின் மிளகாய் கொஞ்ச நாளைக்கு வேண்டவே வேண்டாம், ரசம்கூட எரியும். சர்க்கரை சேர்த்தால் உடனே கொப்பளிக்கச் சொல். எச்சில் வற்றிய வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். அப்புறம் முக்கியமானது: பல் பிடுங்கப் போனால் கரண்ட் வைத்ததை முதலில் சொல்லிவிடணும். அந்தத் தாடையில் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே கெட்டுப்போகலாம்.

கண்டனூர்க்காரி:
டாக்டர் சரி என்றுவிட்டார், எலும்பில் கை வைக்கவில்லையாம். காரைக்குடியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேற்றுப் போனோம். எட்டுக் குச்சி போனது. அண்ணே, இன்னொன்று. அப்பச்சிக்கு இடது தோள் இறங்கி நிற்கிறது, கொடியில் துண்டு போடக் கை எழவில்லை. அதற்கும் இவரையே கேட்கலாமா?

தேவகோட்டை அண்ணன்:
கட்டாயம் கேளுங்கள். இந்த ஆபரேஷனில் கழுத்தில் நெறி (நிணநீர் முடிச்சு) எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு அடிபடுவது உண்டு. தள்ளிப்போடாதீர்கள், தோளும் இறுகிவிடும். சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழைக்கச் சொல்லுங்கள், கழற்றும்போது கடைசியாக.