வெட்டுக்காயப் பூண்டு: மனிதர்களிடம் சோதித்த ஆய்வு உண்டா?

காய் நறுக்கும்போது விரலில் சின்ன வெட்டு. அம்மா வெட்டுக்காயப் பூண்டு இலையைக் கசக்கிச் சாறு விட்டார். சுள்ளென்று எரிந்தது, கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. சரி, நிறுத்தியது சாறா, அழுத்திப் பிடித்ததா?

அன்றிலிருந்து தேடுகிறேன். தேனுக்கு ஆதாரம் பரவாயில்லை: ஆழமாகப் போகாத தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் சீக்கிரம் ஆறுவதாக 2015 காக்ரேன் மதிப்பாய்வு (பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து எடைபோடும் அறிக்கை) சொல்கிறது. மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்கா 1995இல் காப்புரிமை கொடுத்து 1997இல் ரத்து செய்த கதை தெரிந்ததுதான். மஞ்சள் பழைய வைத்தியம் என்பதற்குத்தான் அந்த ரத்து சான்று, பலிக்கும் என்பதற்கல்ல.

வெட்டுக்காயப் பூண்டுக்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் எலி ஆய்வுகள். மனிதர்களிடம் ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த ஆய்வு யாரிடமாவது இருந்தால் இணைப்பு தர முடியுமா? பச்சிலை வைத்துக் காயம் சீழ் பிடித்த அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள்.