கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்: தமிழ் சப்டைட்டிலுக்கு உதவி தேவை

நண்பர்களே, இசாவோ தகாஹாதாவின் 1988 அனிமேஷன் படத்தைப் பள்ளி மாணவர்களுக்குத் திரையிடுகிறோம். 1945இல் கோபே நகரத்தின் மீது குண்டு விழுந்தபின் 14 வயது செய்தாவும் 4 வயதுத் தங்கை செட்சுகோவும் பசியோடு நாள் கடத்தும் கதை. ஜப்பானிய ஒலியோடுதான் போடுவோம். செட்சுகோவின் குரல் உண்மையிலேயே ஒரு சிறுமியின் குரல், டப்பிங்கில் அது போய்விடும்.

சிக்கல் சப்டைட்டிலில். கையில் உள்ள எஸ்ஆர்டி கோப்பு (வசனமும் அது வரவேண்டிய நேரமும் உள்ள சப்டைட்டில் கோப்பு) நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்துக்கானது, எங்கள் படமோ நொடிக்கு 23.976. தொடக்கத்தில் சரியாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் வசனம் இரண்டரை நிமிடம் முந்திக்கொண்டு வரும். தாமதம் கூட்டிக் குறைத்துப் பயனில்லை, நேரம் முழுவதையும் 1.0427ஆல் பெருக்க வேண்டும். சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் ஃபிரேம் ரேட் மாற்றினால் அதுவே செய்துவிடும். இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வேண்டியது இவைதான்:

ஜப்பானிய மொழி தெரிந்தவர் யாராவது மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க முடியுமா? ஆங்கிலம் வழியாக வந்தது, பிள்ளைகள் அண்டிப்போகும் உறவுக்காரப் பெண்மணியின் குத்தல் பேச்செல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. வரிக்கு 30 எழுத்துக்குள், இரண்டு வரிக்கு மேல் போகாமல் வேண்டும்.

புரொஜெக்டரில் பென்டிரைவ் போட்டால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிகின்றன. கோப்பு தமிழுக்கு ஏற்ற யுடிஎஃப்-8 குறியாக்கத்தில்தான் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் படத்தோடே பதித்துவிடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

பொதுத் திரையிடல் அனுமதி வாங்கிய அனுபவம் உள்ளவர்களும் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக்குக் கீழே காட்டுவதாக இல்லை. தாயின் தீக்காயக் கட்டு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.