கும்பலாக அடித்துக்கொள்ளும் வீடியோ விளையாட்டு வகைக்குக் கலைச்சொல், வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.
என் மாணவர்கள் அவரவர் கனவு விளையாட்டுக்கு வடிவமைப்புக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஒரு குழுவின் கதை 1980களின் ஜப்பானில் நடக்கிறது. எதிரும் புதிருமான இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்கள் கும்பல் சேர்த்துக்கொண்டு தெருத்தெருவாக மோதுகிறார்கள். 1986இல் டெக்னோஸ் ஜப்பான் வெளியிட்ட குனியோ, 1989இல் வந்த ரிவர் சிட்டி ரான்சம், இந்த இரண்டு வீடியோ விளையாட்டுகள்தான் முன்னோடி. பீட் எம் அப் என்கிற வகை, ஒருவனோ இருவரோ நடந்துகொண்டே எதிரில் வருகிறவர்களை எல்லாம் அடித்துச் சாய்ப்பது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் போல ஒருவருக்கு ஒருவர் மோதுவது வேறு வகை. பையன்கள் இரண்டையும் 'சண்டை விளையாட்டு' என்றே எழுதுகிறார்கள், படிப்பவருக்கு எது எது என்று தெரியவில்லை. கேங் என்பதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.
– கோவை

தம்பி, ஒருவருக்கு ஒருவர் என்றால் மற்போர், அதில் ஐயமே வேண்டாம். புறநானூற்று 80ஆம் பாட்டில் ஆமூர் மல்லனைச் சோழன் பெருநற்கிள்ளி வீழ்த்தும்போது ஒரு கால் மார்பில், இன்னொரு கால் முதுகில் என்று புலவர் சாத்தந்தையார் பிடி வரைக்கும் சொல்லிவிடுகிறார். ஒருவன் பலரைச் சாய்ப்பதற்கும் நம்மிடம் சொல் ஆயத்தமாக இருக்கிறது. தொல்காப்பியர் போரைச் சொல்லும் தும்பைத் திணையில் 'பல்படை ஒருவற்கு உடைதலின்' என்று தொடங்கி 'ஒள்வாள் வீசிய நூழிலும்' என்கிறாரே, அதுதான் இந்த விளையாட்டு. நூழிலாட்டம் என்று வையுங்கள்.
– தஞ்சாவூர்

ஐயா, அழகான சொல்தான். ஆனால் நூழிலில் வாள் இருக்கிறது, பிணம் குவிகிறது. பள்ளிக்கூடப் பையன்கள் கையாலும் காலாலும் அடித்துக்கொள்கிறார்கள், கிடைத்தால் ஒரு கட்டை, ஒரு குப்பைத்தொட்டி. யாரும் சாவதில்லை, காசைச் சிதறவிட்டு மறைந்துபோகிறார்கள், அந்தக் காசில் கடையில் சாப்பாடு வாங்கித் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம், ரிவர் சிட்டியின் சுவையே அதுதான். போதாததற்குப் புறப்பொருள் வெண்பாமாலையில் நூழிலாட்டு என்றால் தன் மார்பில் பாய்ந்த வேலைப் பறித்து எறிவது. இலக்கணிகளுக்குள்ளேயே பொருள் மாறுகிற சொல்லைப் பதினெட்டு வயதுப் பையன் தலையில் கட்ட வேண்டுமா? அடிதடி விளையாட்டு. சொன்னதும் புரியும். கேங் என்பதற்குக் கோஷ்டி, செய்தித்தாளில் தினமும் வருகிற 'கோஷ்டி மோதல்'.
– சென்னை

கோஷ்டி வடசொல். எழுதியே ஆக வேண்டுமென்றால் கோட்டி என்று எழுதுங்கள், வள்ளுவர் எழுதினார். 'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்', 401ஆம் குறள். கட்டம் வரையாமல் காய் உருட்டுவதைப் பற்றிப் பேசுகிற குறள், விளையாட்டு வடிவமைப்பவர்கள் சுவரில் எழுதி வைக்க வேண்டியது.
– தஞ்சாவூர்

ஐயா, எங்கள் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். 'இரு கோட்டிகள் மோதல்' என்று போட்டால் நெல்லை மாவட்டமே வேறு மாதிரி படிக்கும். கும்பல் போதும்.
– பாளையங்கோட்டை

ஜப்பானியர்கள் இதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: பெல்ட் ஸ்க்ரோல் ஆக்ஷன். அடியைச் சொல்லாமல், திரை பட்டை போலப் பக்கவாட்டில் நகர்வதைச் சொல்கிறார்கள். 1984இல் வந்த குங்ஃபூ மாஸ்டரில் இடம் வலம் மட்டும்தான், குனியோவில் தெருவின் அகலத்திலும் உள்ளே வெளியே நகரலாம், பக்கத்தில் வருகிறவனிடமிருந்து விலகி நிற்கலாம். இந்த வகையைப் பிரித்துக்காட்டுவது அந்த நகர்வுதான் என்பது என் எண்ணம். வீதியுலாச் சண்டை என்றால் என்ன?
– சிங்கப்பூர்

வீதியுலா என்றால் சாமிதான் வரும்.
– பாளையங்கோட்டை

நாங்கள் சின்ன வயதிலிருந்து சொல்வது அடிபிடி. உங்கள் பக்கமும் 'அடிபிடி சண்டை' என்ற வழக்கு இருக்கிறது. 1989இல் வந்த ஃபைனல் ஃபைட்டை விளையாடிப் பாருங்கள், கிட்டப் போனால் எதிரியின் சட்டையைப் பிடிக்கிறான், பிடித்தபின் முழங்காலால் இடிப்பதா தூக்கி எறிவதா என்பதுதான் முடிவு. அடியும் பிடியும், முழு விளையாட்டும் அந்த இரண்டுக்குள் அடக்கம். அடிதடி என்றால் பொலிஸ் வழக்குத்தான் நினைவுக்கு வருகிறது. தூய்மையும் கெடவில்லை, விளங்காமலும் போகவில்லை, ஏன் தயங்குகிறீர்கள்?
– யாழ்ப்பாணம்

தடி என்பது கம்பு மட்டுமில்லை, தடிதல் என்றால் வெட்டி வீழ்த்துதல், சூரனைத் தடிந்த முருகன். அடித்தலும் தடிதலும் சேர்ந்தது அடிதடி. ஆகவே அது வெறும் தெருச்சொல் என்று தள்ளத் தேவையில்லை.
– மதுரை

அந்தப் பிரிப்புக்கு ஆதாரம் காட்டுங்கள். அடியும் தடியும் என்பதே நேர்.
– தஞ்சாவூர்

அனைவருக்கும் நன்றி. நேரம் இல்லை, நாளை குறிப்பு போயாக வேண்டும். ஒருவருக்கு ஒருவர் என்பதற்கு மற்போர், இதை யாரும் மறுக்கவில்லை. கேங் என்பதற்குக் கும்பல். இந்த வகைக்கு அடிதடி விளையாட்டு என்று ஐந்து பேர் தனிமடலிலும் சொல்லிவிட்டார்கள், அதையே போடுகிறேன். எனக்கு அடிபிடிதான் பிடித்திருக்கிறது, ஆனால் மாணவர்களிடம் கேட்டேன், அவர்களும் அடிதடி என்கிறார்கள்.
– கோவை

போடுங்கள். ஆனால் சொற்பட்டியலில் அடிபிடியை இரண்டாவது சொல்லாகச் சேர்க்க வேண்டும், பிடிக்கத் தெரியாத கதாநாயகனை உங்கள் மாணவர்கள் வடிவமைத்தால் அதற்கு அடிதடி என்ற சொல்லும் ஒரு காரணமாக இருக்கும்.
– யாழ்ப்பாணம்

நூழில் மூன்றாவது. என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள்.
– தஞ்சாவூர்