பாதி தள்ளி இன்னொரு படம் விழுது, கிரேடியன்ட் கரெக்‌ஷன் போட்டும் போகல

படம்_கலங்குது:
அவசரம். எம்ஆர்ஐ படத்துல மேலயும் கீழயும் மங்கலா அதே படம் இன்னொரு தடவை தெரியுது. கிரேடியன்ட் கரெக்‌ஷன் ஆன்லதான் இருக்கு, ரெண்டு தடவை ரீகான் (டேட்டால இருந்து படத்தை மறுபடி கட்டுறது) பண்ணிட்டேன், இம்மியும் மாறல. என்ன பண்றது?

சுருள்வில்:
எந்த சீக்வென்ஸ் (ஸ்கேன் முறை)? காந்தம் எத்தனை டெஸ்லா? ஆளா, பேண்டமா (சோதனைக்கு வைக்கிற டம்மி)?

கருப்புக்காபி:
ஃபேட் சாட் (கொழுப்பு சிக்னலை அமுக்குறது) சரியா விழலன்னு நினைக்கிறேன். 3 டெஸ்லால தண்ணிக்கும் கொழுப்புக்கும் சிக்னல் அதிர்வெண்ல கிட்டத்தட்ட 440 ஹெர்ட்ஸ் வித்தியாசம், ஈபிஐன்னா (ஒரே மூச்சுல பல வரி படிக்குற வேக முறை) கொழுப்பு ஃபேஸ் பக்கமா (வரி வரியா அடுக்குற திசைல) பல பிக்சல் தள்ளிப் போய் உக்காந்துக்கும். எனக்குப் பத்துக்கு ஒம்பது தடவை அதான்.

பழைய_காந்தம்:
தம்பி, கிரேடியன்ட் கரெக்‌ஷன்னா எதுன்னு மொதல்ல தெரிஞ்சுட்டு வாங்க. கன்சோல்ல நீங்க டிக் பண்றது ஐசோசென்டரை (காந்தத்தோட நடுப்புள்ளி) விட்டு விலக விலக கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறுற காந்தப்புலம்) நேர்கோடா இல்லாமப் போறதுக்கான திருத்தம். படம் வளைஞ்சிருந்தா நிமிர்த்தும், அவ்ளோதான். நிழலாத் தெரியுற அந்த கோஸ்ட்டுக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட கிடையாது.

படம்_கலங்குது:
சாரி சொல்ல மறந்துட்டேன். ஈபிஐ, 3 டெஸ்லா, உருண்டை தண்ணி பேண்டம். கோஸ்ட் எஃப்ஓவில (ஸ்கேன் பண்ற சட்டத்துல) சரியா பாதி தள்ளி.

கருப்புக்காபி:
தண்ணின்னு மொதல்லயே சொல்லக்கூடாதா 🙂

சுருள்வில்:
பாதின்னா நைக்விஸ்ட் கோஸ்ட். ஈபிஐல கே-ஸ்பேஸை (படமா மாத்துறதுக்கு முன்னாடி இருக்குற டேட்டா) ஏர் ஓட்டுற மாதிரி ஒரு வரி இந்தப் பக்கம் அடுத்த வரி அந்தப் பக்கம்னு படிக்குதுல்ல, கிரேடியன்ட் சில மைக்ரோசெகண்ட் லேட்டானாலே ஒத்தை வரில எக்கோ (சிக்னல் உச்சம்) ஒரு பக்கமும் ரெட்டை வரில எதிர்ப்பக்கமும் விலகிடும், அதான் கோஸ்ட்டா வருது. ஃபேஸ் என்கோடிங் இல்லாம ஆரம்பத்துல மூணு வரி எடுப்பாங்களே, அந்த நேவிகேட்டரை வெச்சு திருத்தினீங்களா? எஃப்ஓவி நேரா இருக்கா, திருப்பி வெச்சிருக்கீங்களா?

அரை_அலை:
இதுக்கெல்லாம் ஒரே வழி கிர்ஃப். கிரேடியன்ட் சிஸ்டத்தோட இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை (அதான் கிர்ஃப், ஒரு சின்னத் தட்டுக்கு எப்படி ஆடுதுங்கிறது) ஒரு தடவை அளந்துட்டா எந்த வேவ்ஃபார்மைக் குடுத்தாலும் நிஜமா என்ன டிராஜெக்டரி (கே-ஸ்பேஸ்ல போற பாதை) வரும்னு கணக்குப் போட்டுடலாம்.

பழைய_காந்தம்:
ஒரு தடவையா? கிரேடியன்ட் காயில் சூடானா ரெஸ்பான்ஸ் நகரும். ப்ரீஎம்ஃபசிஸை (கோணலை முன்கூட்டியே கணிச்சு கிரேடியன்ட்டுக்கு மாத்தி அனுப்புற சிக்னல்) ஒழுங்கா ட்யூன் பண்ணினா உங்க கிர்ஃப் எதுக்கு?

அரை_அலை:
ப்ரீஎம்ஃபசிஸ் எடி கரண்ட்டை (சுத்தி இருக்குற உலோகத்துல கிளம்புற மின்சாரம்) அமுக்கும். மெக்கானிக்கல் ரெசனன்ஸை (காயிலே அதிர்றது) என்ன பண்ணும்? சூடு ஏறினா கொஞ்சம்தான் மாறும், அதுக்காக அளக்கவே வேணாம்னு சொல்றது என்ன நியாயம்?

பழைய_காந்தம்:
"கொஞ்சம்"னா எவ்ளோ? காயிலைச் சூடாக்குற நீளமான டிஃப்யூஷன் ஸ்கேன் ஓட்டிட்டு மறுபடி அளந்து பாத்துட்டு வந்து பேசுங்க.

கருப்புக்காபி:
கேள்வி கேட்டவர் ஓடிட்டார் போல.

சுருள்வில்:
திருப்பி வெச்சிருந்தா எக்ஸ், ஒய் ரெண்டும் ஒரே அளவு லேட்டாகாதுங்கிறதைக் கவனிங்க. அப்ப விலகல் ஃபேஸ் பக்கமும் கலந்துடும். ரீட்அவுட் பக்கத்துக்கு (ஒரு வரி படிக்குற திசை) மட்டும் போடுற திருத்தம் அதைப் பிடிக்காது.

படம்_கலங்குது:
30 டிகிரி திருப்பி வெச்சிருந்தேன். நேரா வெச்சா கோஸ்ட் கண்ணுக்கே தெரியல. ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் டிலே தனியா அளந்து டிராஜெக்டரில போட்டேன், திருப்பி வெச்சதுலயும் முக்கால்வாசி போயிடுச்சு. நன்றிண்ணா, ஸ்கேன் ஸ்லாட் வந்துடுச்சு, ஓடறேன்.

அரை_அலை:
மிச்சம் கால்வாசிக்கு கிர்ஃப்.