சிறார் எழுத்தாளர் வகுப்புக்கு வந்தபோது என்ன நடந்தது? அனுபவங்களைப் பகிருங்கள்

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எழுத்தாளர் வருகிறார் என்றாலே பேச்சு, கைதட்டல், குரூப் போட்டோ, அதோடு சரி என்றுதான் நினைத்திருந்தேன். வந்தவர் மைக்கே வேண்டாம் என்றுவிட்டார். பெரிய தாள் ஒன்றைத் தரையில் விரித்தார். அவருடைய புத்தகத்தின் 16 பக்கங்கள், ஒரு புறம் எட்டு, மறுபுறம் எட்டு. அச்சகத்தில் இதை ஒரு பாரம் என்பார்களாம். 1ஆம் பக்கத்தை ஒட்டி 16ஆம் பக்கம். பாதிப் படங்கள் தலைகீழ்.

"மிஸ், தப்பா அடிச்சிட்டாங்க!" என்று ஒருத்தி கத்தினாள். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "மடிச்சுப் பாருங்க" என்றார். நாலைந்து பேர் சேர்ந்து தப்பும் தவறுமாக மடித்துப் பிரித்து, ஒருவழியாக மூன்று மடிப்பும் சரியாக விழுந்தன. ஓரத்தைக் கத்தரித்ததும் பக்கங்கள் வரிசையாக வந்துவிட்டன. அப்புறம்தான் கூத்து. இன்னொரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், "ஜோடியா இருக்கிற ரெண்டு நம்பரைக் கூட்டினா 17 வருது சார்" என்றான். 1, 16. 4, 13. 5, 12. 8, 9. ஆமாம், எல்லாமே 17! கணக்குப் பாடவேளையில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கும் பையன் அவன்.

அடுத்து ஆளுக்கொரு ஏ4 தாள். எட்டுக் கட்டமாக மடித்து, நீளவாக்கு மடிப்பின் நடுப்பாதியை மட்டும் கத்தரித்தால் பசை, நூல் எதுவுமில்லாமல் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம். முன்னட்டையும் பின்னட்டையும் போக, கதைக்கு ஆறே பக்கம். வழக்கமாக 'அப்புறம், அப்புறம்' என்று நோட்டு தீரும்வரை எழுதுகிறவர்கள், தாங்களாகவே கதையைக் குறைக்கத் தொடங்கினார்கள். நான் எத்தனை முறை சொல்லியும் நடக்காத காரியம்!

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு சிறுமி கதை எழுதினாள். மூடிய பெட்டி 2ஆம் பக்கத்தில், வெளியே குதிக்கும் பூனை 3இல். "ரெண்டும் எதிரெதிரே இருக்கே, பூனை எங்கே ஒளியும்?" என்று கேட்டார் அவர். கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பூனையை அழித்துவிட்டு 4இல் வரைந்தாள். 3இல் பெட்டிக்கு வெளியே வால் நுனி மட்டும்.

—

நீங்கள் சொல்வதைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. என் மகள் பள்ளிக்கும் ஒரு எழுத்தாளர் வந்தார். எல்லா வகுப்பையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து ஒரு மணி நேரப் பேச்சு. வந்தவர் நன்றாகத்தான் பேசியிருப்பார், ஆனால் ஆறு வயதுப் பிள்ளை பின்வரிசையிலிருந்து என்னத்தைக் கேட்கும்? அவருக்கு மீசை உண்டா என்பதில் வீட்டுக்கு வந்தும் சண்டை.

—

நான் சிறார் கதைகள் எழுதுகிறவன். ஹால் பேச்சு எங்களுக்கும் பிடிக்காது, கூப்பிடும்போதே வகுப்பு வகுப்பாகப் பிரித்துத் தாருங்கள். இன்னொன்று, நாங்கள் வருவதற்கு முன் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாசிக்காத வகுப்பில் வயது, சம்பளம் என்றுதான் கேள்வி வரும். வாசித்த வகுப்பில் "அந்த யானையை ஏன் அழ வச்சீங்க?" என்று சட்டையைப் பிடிப்பார்கள்.

நான் கையோடு என் டம்மியை, அதாவது அச்சுக்குப் போகுமுன் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகத்தைக் கொண்டுபோவேன். பல படப் புத்தகங்கள் 32 பக்கம், அதாவது இரண்டு பாரம். அதற்குள் அடங்க நான் அடித்துத் தள்ளிய வரிகள் டம்மியில் அப்படியே இருக்கும். அச்சான புத்தகத்தைவிட இதைத்தான் பிள்ளைகள் மொய்ப்பார்கள். படம் காட்டாமல் ஒரு பத்தியை வாசித்து எல்லோரையும் வரையச் சொல்வதும் உண்டு. ஒரே வரிக்கு வகுப்பு நிறைய வேறு வேறு யானைகள்! எழுதுகிறவரும் வரைகிறவரும் பல சமயம் நேரில் சந்திக்காமலே புத்தகம் வந்துவிடுகிறது என்று அப்போது சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள். பிள்ளை மடித்து வரைந்துகொண்டிருக்கும்போது எழுத்துப் பிழை திருத்தாதீர்கள். அச்சகத்திலேயே மெய்ப்பு பார்ப்பது எழுதி முடித்த பிறகுதான். அப்புறம், மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் குட்டிப் புத்தகம் மூடவே மூடாது.